துப்பாக்கி உங்களுடையது, குண்டு எங்களுடையது

பெயின்ட்பால் ஆட வருபவர்கள் தங்கள் பெயின்ட்டைத் தாங்களே கொண்டு வரலாமா? அமெரிக்க மைதானங்களில் ஓயாத இந்தச் சண்டையில் இரு தரப்பும் பேசுவது பாதுகாப்பைப் பற்றி. கணக்குப் போடுவது வேறு ஒன்றை.

அமெரிக்காவில் சனி, ஞாயிறுகளில் பெயின்ட்பால் ஆடக் கிளம்புபவரின் கார் டிக்கி நிரம்பி வழியும். சொந்தத் துப்பாக்கி, முகக்கவசம், அழுத்தக் காற்று அடைத்த சிலிண்டர், முழங்கால் உறை, மாற்று உடை. இவற்றில் எதற்கும் மைதான வாசலில் தடையில்லை. தடை ஒரே ஒரு பொருளுக்குத்தான்: பெயின்ட். கடையில் வாங்கிய பெயின்ட் உருண்டைப் பெட்டியோடு வருபவருக்குப் பல மைதானங்களில் பலகையைக் காட்டுகிறார்கள். இங்கே வாங்கிய பெயின்ட்டை மட்டுமே இங்கே சுடலாம்.

உள்ளே விற்பதும் பெரும்பாலும் அதே ரகம்தான். விலை மட்டும் வெளியே இருப்பதைவிடக் கூடுதல். ஒரு மணி நேரம் கார் ஓட்டி வந்தவர் என்ன செய்வார்? முணுமுணுத்துக்கொண்டே பணத்தை எடுக்கிறார். சினிமா தியேட்டர் வாசலில் பையைத் திறந்து காட்டி முறுக்குப் பொட்டலத்தைப் பறிகொடுத்தவர்களுக்கு இந்தக் கோபம் நன்றாகவே புரியும்.

எதிர்த் தரப்பும் இருக்கிறது. சில மைதானங்கள் வெளிப் பெயின்ட்டை அனுமதிக்கின்றன. பதிலுக்கு நுழைவுக் கட்டணத்தைக் கூட்டிக்கொள்கின்றன. எது நியாயம்? ஆட்டக்காரர்களிடையே பெயின்ட்பாலின் வயதுக்குச் சமமான அளவுக்கு நீண்டுவிட்ட விவாதம் இது. விடை, மேலோட்டமாகப் பார்த்தால் தெரிவதற்கு நேர்மாறான இடத்தில் இருக்கிறது.

மரத்துக்கு அடித்த சாயம்

இந்த விளையாட்டு பிறந்ததே ஒரு வேலைக் கருவியிலிருந்துதான். அமெரிக்காவின் நெல்சன் பெயின்ட் கம்பெனி காட்டு மரங்களுக்கு அடையாளச் சாயம் தயாரித்து வந்தது. வெட்ட வேண்டிய மரத்துக்குத் தூரத்திலிருந்தே சாயம் அடிக்க 1970-களில் ஒரு துப்பாக்கி வந்தது. பெயர் நெல்ஸ்பாட் 007. செய்து கொடுத்தது காற்றுத் துப்பாக்கிகளுக்குப் பெயர் போன டெய்சி கம்பெனி. மாடு வளர்ப்பவர்கள் மந்தையில் மாடுகளை அடையாளம் இடவும் அதையே பயன்படுத்தினார்கள்.

1981 ஜூன் 27 அன்று நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் ஹென்னிகர் என்ற ஊர்க் காட்டில் 12 பேர் அந்தத் துப்பாக்கிகளோடு கூடினார்கள். ஏற்பாடு செய்தவர்கள் எழுத்தாளர் சார்லஸ் கெயின்ஸ், பங்குச் சந்தைக்காரர் ஹேஸ் நோயல், விளையாட்டுப் பொருள் வியாபாரி பாப் கர்ன்ஸி. காட்டில் வைத்த கொடிகளை ஒருவர் கண்ணிலும் படாமல் எடுத்து வர வேண்டும். சாயம் பட்டவர் வெளியே. காட்டையே தொழிலாகக் கொண்ட ஒருவர் ஜெயித்தார். அவர் ஒரு குண்டுகூடச் சுடவில்லை!

இன்றைய மைதான முதலாளி ஒருவர் அவரைப் பார்த்தால் பெருமூச்சுதான் விடுவார். பெயின்ட் விற்றுப் பிழைக்கும் இடத்தில், சுடாமலே ஜெயிப்பவரைவிட மோசமான வாடிக்கையாளர் கிடையாது.

அன்றைய சாயம் எண்ணெய் கலந்தது. துணியிலிருந்து போக்க டர்பன்டைன் வேண்டும். சில ஆண்டுகளிலேயே தண்ணீரில் கழுவினால் போகும் சாயம் வந்துவிட்டது. உருண்டையின் ஓடு ஜெலட்டின். மீன் எண்ணெய் மாத்திரைக்குப் போடும் அதே உறைதான். தொடக்கத்தில் இவற்றைத் தயாரித்ததும் மாத்திரை உறைகளுக்குப் பெயர் பெற்ற ஆர்.பி. ஷெரர் கம்பெனி. உள்ளே இருப்பதில் பெரும்பகுதி பாலிஎதிலீன் கிளைக்கால், கூடவே கொஞ்சம் நிறம். ஆக, பெயின்ட் என்று பெயரே தவிர அதில் பெயின்ட் கிடையாது.

உருண்டையின் விட்டம் 0.68 அங்குலம். எடை ஏறத்தாழ 3 கிராம். வேகத்துக்கு வைத்திருக்கும் பொது வரம்பு நொடிக்கு 300 அடி. அதாவது மணிக்குச் சுமார் 330 கிலோமீட்டர். பல மைதானங்கள் இதையும் 280 அடியாகக் குறைத்திருக்கின்றன. உடம்பில் பட்டால் வட்டமாகக் கன்றிப்போகும். முகக்கவசம் இல்லாத கண்ணில் பட்டால் பார்வையே போகலாம்.

முதலாளி சொல்லும் காரணம்

வெளிப் பெயின்ட் ஏன் கூடாது என்று கேட்டால் மைதானக்காரர்கள் முதலில் சொல்வது இந்த ஆபத்தைத்தான். ஜெலட்டின் ஈரத்துக்கும் வெப்பத்துக்கும் மசிகிற பொருள். மழைக்காலத்து ஈரக்காற்றில் ஊதும். கார் டிக்கியின் சூட்டில் இளகி வடிவம் குலையும். பல மாதம் மூலையில் கிடந்தால் ஓடு வறண்டு கெட்டியாகும். அப்படிப்பட்ட உருண்டை உடம்பில் பட்டு உடைவதற்குப் பதில் துள்ளி விழும். உடையாத உருண்டை உடைவதைவிட அதிகம் வலிக்கும், ஆட்டத்திலும் கணக்கில் சேராது. சுட்டவர் பட்டது என்பார், பட்டவர் இல்லை என்பார். சண்டைக்கு வேறு காரணம் வேண்டியதில்லை.

அடுத்தது சுத்தம். மலிவான சில உருண்டைகளின் சாயம் எளிதில் போகாது. காற்றடைத்த தடுப்புகள், வலைகள், வாடகைக்கு விடும் உடைகள் எல்லாவற்றையும் கழுவ வேண்டியது மைதானத்தின் ஆட்கள். நிறத்திலும் சிக்கல் உண்டு. சிவப்புச் சாயத்தைப் பல இடங்களில் அனுமதிப்பதில்லை. தரையில் விழுந்தவர் மீது இருப்பது சாயமா ரத்தமா என்று ஓடி வரும் நடுவர் யோசித்து நிற்கக்கூடாது.

இவை எல்லாமே உண்மைதான். ஆனால் இவற்றில் எதுவும், இங்கேதான் வாங்க வேண்டும் என்ற விதியை நியாயப்படுத்துவதில்லை. வேகத்தை அளக்கக் குரோனோகிராஃப் என்ற கருவி ஒவ்வொரு மைதானத்திலும் இருக்கிறது. உருண்டை எந்தக் கடையில் வாங்கியது என்று அதற்குத் தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. பெயின்ட் உருண்டைக்கென்றே அமெரிக்கத் தர அமைப்பான ஏ.எஸ்.டி.எம். அளவுகோல்களை வகுத்திருக்கிறது. இன்னின்ன ரகம், சிவப்பு கூடாது, சீல் உடைக்காத பெட்டி மட்டும் என்று மூன்று வரி எழுதிப்போட்டால் பாதுகாப்புப் பிரச்சினையில் பெரும்பகுதி தீர்ந்துவிடும். மிஞ்சுவது, ஒவ்வொரு பெட்டியையும் பிரித்துப் பார்க்க ஓர் ஆளை நிறுத்தும் தொல்லை மட்டுமே. தொல்லைதான், ஆனால் தடை போடும் அளவுக்குத் தொல்லை இல்லை.

அப்படியானால் உண்மைக் காரணம் என்ன? பணம்தான். அதைச் சொல்ல மைதானக்காரர்கள் கூச்சப்பட வேண்டியதில்லை என்பதுதான் இதில் வேடிக்கை.

யார் தலையில் வாடகை

மைதானம் நடத்தச் செலவு அதிகம். நிலம், நடுவர்களின் சம்பளம், காற்று நிரப்பும் இயந்திரம், வாடகைத் துப்பாக்கிகள், இன்ஷூரன்ஸ். மழை பெய்த ஞாயிற்றுக்கிழமையிலும் இவற்றில் பலவற்றுக்குப் பணம் கொடுத்தாக வேண்டும். இந்தச் செலவை ஆட்டக்காரர்களிடமிருந்து எடுக்க இரண்டே வழி. வாசலில் வாங்கலாம், அல்லது பெயின்ட்டின் விலையில் ஏற்றலாம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு நாளில் 15 பேர் வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். 10 பேர் புதியவர்கள், ஆளுக்கு 200 உருண்டை சுடுகிறார்கள். 5 பேர் பழம்பெருச்சாளிகள், ஆளுக்கு 2,000. ஆக மொத்தம் 12,000 உருண்டை. மைதானத்துக்கு அன்றைக்குக் கிடைக்க வேண்டியது 600 டாலர். உருண்டைக்கு 5 சென்ட் வீதம் விலையில் ஏற்றினால் புதியவர் தருவது 10 டாலர், பழையவர் தருவது 100 டாலர். பெயின்ட்டை அவரவர் கொண்டு வரட்டும் என்று விட்டுவிட்டு, அதே 600 டாலரை வாசலில் சமமாக வாங்கினால் ஆளுக்கு 40 டாலர். புதியவரின் சுமை 4 மடங்காகிறது. பழையவரின் சுமை பாதிக்கும் கீழே போகிறது.

சொந்தப் பெயின்ட் உரிமைக்காக உரக்கக் குரல் கொடுப்பவர்கள் யார் என்பதற்கு இந்தக் கணக்கிலேயே விடை இருக்கிறது. முதன்முறையாக வரும் பள்ளிப் பையனுக்குப் பெட்டி பெட்டியாகப் பெயின்ட் வாங்கத் தெரியாது, வாங்கவும் மாட்டான். அவன் பெயரைச் சொல்லிப் போராட்டம் நடப்பதாகத் தோன்றினாலும், வெற்றி கிடைத்தால் பில் போவது அவன் கைக்கு.

விஷயம் பணத்தோடு முடிவதில்லை. 1981-ன் துப்பாக்கியில் ஒவ்வொரு குண்டுக்கும் கையால் இழுத்து விட வேண்டும். 1990-களின் தொடக்கத்தில் விசையை அழுத்த அழுத்தச் சுடும் துப்பாக்கிகள் பரவின. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் மின்னணுத் துப்பாக்கிகள் வந்தன. நொடிக்கு 10 உருண்டைகளுக்கு மேல் அவற்றால் சுட முடியும். துப்பாக்கியின் தலைமேல் இருக்கும் ஹாப்பர் என்ற பெட்டியில் சுமார் 200 உருண்டை பிடிக்கும். நொடிக்கு 10 என்றால் 20 நொடியில் காலி!

இந்த வேகத்துக்கு மைதானத்தில் இருக்கும் ஒரே இயல்பான தடை உருண்டையின் விலை. ஒவ்வொரு முறை விசையை அழுத்தும்போதும் பர்ஸ் கனம் குறைகிறது என்றால் விரல் கொஞ்சம் யோசிக்கும். பெயின்ட் மலிவானால் யோசிக்காது. அப்போது மறைவிலிருந்து தலையை நீட்டும் புதியவர் மீது ஒன்றுக்குப் பதில் ஐந்து, ஆறு உருண்டை விழும். பிறந்தநாள் கொண்டாட்டம் என்று நினைத்து வந்தவர் கன்றிப்போன முதுகோடு வீடு திரும்புவார். மறுபடி வரமாட்டார். புதியவர் வராத மைதானம் சில ஆண்டுகளில் வீட்டுமனையாகும். அப்புறம் பழம்பெருச்சாளிகள் மலிவுப் பெயின்ட்டை எங்கே போய்ச் சுடுவார்கள்?

ஆக, பெயின்ட் விலையில் வாடகையைச் சேர்ப்பது அக்கிரமம் என்று சொல்லிவிட முடியாது. அதிகம் சுடுபவர் அதிகம் கொடுக்கட்டும் என்பது மின்சார மீட்டரின் நியாயம்.

கிடுக்கிப்பிடி

ஆனால் மீட்டருக்கும் கிடுக்கிப்பிடிக்கும் வித்தியாசம் இருக்கிறது. மைதான விளம்பரங்களில் பெரிதாகத் தெரிவது நுழைவுக் கட்டணம். அது குறைவாக இருக்கும். பெயின்ட் விலை பல சமயம் பணம் கட்டும் இடத்தில்தான் தெரிய வரும். நான்கு பேர் கொண்ட குடும்பம் மலிவான ஞாயிற்றுக்கிழமை என்று வந்து, மதியத்துக்குள் பணம் கரைந்து நிற்கும். போட்டி இல்லாத இடத்தில் தரமும் சரியும். போன சீசனின் மிச்சத்தை இந்த சீசனில் தள்ளிவிட்டாலும் கேட்பாரில்லை. குழலுக்குள்ளேயே உடைகிற உருண்டைக்கும் காசு கொடுத்தாயிற்று. பாதுகாப்புக்காகத்தான் வெளிப் பெயின்ட் கூடாது என்று பலகை வைத்துவிட்டுப் பழைய சரக்கை விற்றால் அதற்கு என்ன பெயர்?

ஒரு பொருளை அனுபவிக்க வேண்டுமானால் இன்னொன்றை என்னிடமே வாங்கு என்று கட்டாயப்படுத்துவது பழைய வியாபாரத் தந்திரம். இதில் மிகப் பிரபலமான வழக்கு ஐ.பி.எம். கம்பெனியுடையது. அன்று கணக்கு இயந்திரங்களை அந்தக் கம்பெனி விற்காது, வாடகைக்கு விடும். துளையிட்ட அட்டைகளைப் போட்டு இயக்கும் இயந்திரங்கள் அவை. அட்டையும் எங்களுடையதாகத்தான் இருக்க வேண்டும், இல்லையென்றால் குத்தகை ரத்து என்பது நிபந்தனை. மற்றவர்கள் செய்யும் அட்டையின் தரம் குறைந்தால் இயந்திரம் தப்புக் கணக்குப் போடும், எங்கள் பெயர் கெடும் என்று வாதாடினார்கள். பெயின்ட் மைதானத்தின் பாதுகாப்பு வாதத்தை இதோடு பொருத்திப் பார்க்கலாம்.

அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1936-ல் இதை ஏற்கவில்லை. அட்டை இன்ன தரத்தில் இருக்க வேண்டும் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு, என்னிடம்தான் வாங்க வேண்டும் என்று சொல்ல உரிமை இல்லை என்பது தீர்ப்பின் சாரம். அந்த வழக்கில் வெளிவந்த ஒரு விவரம் இன்னும் சுவாரசியமானது. அமெரிக்க அரசாங்கம் மட்டும் தன் அட்டைகளைத் தானே செய்துகொள்ள குத்தகையில் அனுமதி இருந்தது. அதற்காக அரசு கொடுத்தது 15 சதவீதம் கூடுதல் வாடகை. மற்ற அட்டையால் இயந்திரம் கெடும் என்ற பயம், கூடுதல் பணம் வந்ததும் பறந்துவிட்டது. வெளிச் சமையல்காரரை அழைத்து வந்தால் தனிக் கட்டணம் வாங்கும் கல்யாண மண்டபக் கணக்குதான் இது.

ஐ.பி.எம். வழக்கை வைத்து மைதானக்காரர்களைக் கோர்ட்டுக்கு இழுத்துவிட முடியும் என்று இதற்கு அர்த்தமில்லை. அட்டைச் சந்தையை ஆட்டிப்படைத்த ராட்சதக் கம்பெனி எங்கே, நான்கு ஏக்கரில் கயிறு கட்டி நடத்தும் சிறு முதலாளி எங்கே. ஆனால் அந்தத் தீர்ப்பு காட்டும் நேர்மை அளவுகோல் இங்கும் பொருந்தும். தரம் பிரச்சினை என்றால் தரத்தைக் கேள். பணம் பிரச்சினை என்றால் பணத்தைக் கேள்.

பாப்கார்னும் பெயின்ட்டும்

நம் நாட்டில் இந்த விவகாரம் சினிமா தியேட்டர் வடிவில் உச்ச நீதிமன்றம் வரை போனது. வெளியிலிருந்து உணவு கொண்டு வருவதைத் தியேட்டர்கள் தடுக்கக்கூடாது என்று ஜம்மு காஷ்மீர் உயர் நீதிமன்றம் 2018-ல் உத்தரவிட்டது. 2023 ஜனவரி 3 அன்று தலைமை நீதிபதி டி.ஒய். சந்திரசூட், நீதிபதி பி.எஸ். நரசிம்மா ஆகியோர் அந்த உத்தரவை ரத்து செய்தார்கள். தியேட்டர் தனியார் சொத்து, நிபந்தனை விதிப்பது உரிமையாளரின் உரிமை, பாப்கார்ன் வாங்கும்படி யாரும் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. ஜிலேபி தின்றவர் பிசுபிசுத்த விரலை இருக்கையில் துடைத்தால் சுத்தம் செய்வது யார் என்று விசாரணையின்போது தலைமை நீதிபதி கேட்டதும் செய்தியானது. கூடவே, குடிதண்ணீர் இலவசமாகத் தர வேண்டும், கைக்குழந்தைக்குத் தேவையான உணவைத் தடுக்கக்கூடாது என்றும் நீதிமன்றம் குறிப்பிட்டது.

மைதானக்காரருக்கு இந்தத் தீர்ப்பு கரும்பாக இனிக்கலாம். ஆனால் ஒரு வேறுபாட்டை அவர் தாண்டிப் போக முடியாது. பாப்கார்ன் வாங்காமலும் படம் பார்க்கலாம், டிக்கெட் வாங்கியவருக்குப் படம் நிச்சயம். பெயின்ட் வாங்காமல் பெயின்ட்பால் ஆட முடியாது. 1981-ன் காட்டு மனிதரைப் போன்ற வித்தைக்காரர்களை விட்டுவிடலாம். இங்கே பெயின்ட்தான் டிக்கெட். டிக்கெட் விலையை உள்ளே போனபிறகு சொல்வது எந்தத் தொழிலிலும் நாணயமாகாது.

வெளிப் பெயின்ட்டை அடியோடு தடுப்பது, தாராளமாக அனுமதிப்பது என்ற இரண்டைத் தவிர வழியில்லை என்பதே தவறு. யார் வேண்டுமானாலும் வந்து கலந்து ஆடும் நாள்களில் மைதானப் பெயின்ட் மட்டும் என்ற விதி இருக்கட்டும். அது புதியவரின் பர்ஸையும் முதுகையும் சேர்த்தே காக்கிறது. ஆனால் அந்த விதிக்கு மைதானம் விலை கொடுக்க வேண்டும். நுழைவுக் கட்டணம் அச்சாகும் அதே அளவு எழுத்தில் பெயின்ட் விலையும் அச்சாக வேண்டும். ஒரு சாதாரண ஆட்டக்காரருக்கு ஒரு நாளில் எத்தனை உருண்டை தேவைப்படும் என்பதையும் சொல்ல வேண்டும். ஊதிப்போன, வறண்ட உருண்டை என்று தெரிந்தால் மறுபேச்சில்லாமல் மாற்றிக் கொடுக்க வேண்டும்.

அணியாக வந்து தங்களுக்குள் பயிற்சி செய்பவர்கள் விஷயம் வேறு. அவர்களோடு அங்கே அடிபடப் புதியவர் யாரும் இல்லை. மைதானத்துக்குச் சேர வேண்டியதை நாள் வாடகையாக வாங்கிக்கொண்டு, சீல் உடைக்காத சொந்தப் பெட்டியை அனுமதிப்பதில் யாருக்கும் நஷ்டமில்லை. அமெரிக்க அரசாங்கத்தின் 15 சதவீதம் போல.

இந்தியாவின் பெரிய நகரங்களிலும் சுற்றுலாத் தலங்களிலும் பெயின்ட்பால் மைதானங்கள் வந்துவிட்டன. இங்கே சொந்தத் துப்பாக்கியோடு ஆட வருபவர் அரிது. துப்பாக்கி, கவசம், உடை எல்லாமே பெரும்பாலும் வாடகை. இத்தனை உருண்டைக்கு இத்தனை ரூபாய் என்று ஒரே கட்டணமாகச் சொல்லிவிடுகிறார்கள். சண்டை இன்னும் இங்கே வந்து சேரவில்லை. சொந்தத் துப்பாக்கி வாங்கும் ஆட்டக்காரர்கள் பெருகினால் வராமலும் போகாது. அதற்குள், ஒரே கட்டணம் என்று வாங்கிவிட்டு அந்த உருண்டைகள் தீர்ந்தபிறகு கேட்கும் அடுத்த 50 உருண்டைக்கு என்ன விலை என்பதையும் பலகையில் முன்கூட்டியே எழுதிவிடுவது நல்லது.

ஏனென்றால் ஆட்டக்காரரைக் கோபப்படுத்துவது பெரும்பாலும் விலை அல்ல. நிலத்துக்கு வாடகை என்று சொல்லிக் கேட்டால் கொடுப்பவர், உங்கள் கண்ணுக்கு ஆபத்து என்று சொல்லிக் கேட்கும்போதுதான் ஏமாற்றப்பட்டதாக உணர்கிறார். வெளிப் பெயின்ட் கூடாது என்ற பலகையை மைதானக்காரர் கழற்ற வேண்டியதில்லை. அதன் கீழே, இந்த விலையில்தான் எங்கள் மைதானத்தின் வாடகையும் இருக்கிறது என்று ஒரு வரி சேர்த்தால் போதும்.